ஃபிஷன், ஃபியூஷன் எனர்ஜிய பேப்பர்ல நீங்களே கணக்கு போட்டு பாக்கறது எப்படி

பிளஸ் டூ பசங்ககிட்ட யுரேனியம் பிளந்தா எனர்ஜி எங்கிருந்துடா வருதுன்னு கேட்டா கண்ண மூடிக்கிட்டு ஈ ஈக்வல் டு எம்சி ஸ்கொயர்ம்பாங்க, சரி அப்ப எந்த துகள் காணாம போச்சுன்னு அடுத்த கேள்விய போட்டா கிளாஸே கம்முனு ஆயிடும். தர்மபுரி பக்கம் டியூஷன் எடுக்கறதால வருஷா வருஷம் இத பாக்கறேன், பசங்க மேல தப்பு இல்ல, அவங்க படிக்கற கைடுல அவ்வளவுதான் போட்டிருக்கு. என் கட்சி இதுதான்: அந்த ஃபார்முலா எவ்வளவு எனர்ஜி வந்துச்சுன்னு கரெக்டா சொல்லும், ஏன் வந்துச்சுன்னு சொல்லாது. ஏன்ங்கறதுக்கு பதில் விசையில இருக்கு, பிளவுல (ஃபிஷன்) அது புரோட்டானும் புரோட்டானும் தள்ளிக்கற மின்விசை, இணைவுல (ஃபியூஷன்) அது அணுக்கரு விசை. நிறை வழியா ஒரு தடவ, விசை வழியா ஒரு தடவ போட்டு ரெண்டு விடையும் பக்கத்துல பக்கத்துல வந்து நிக்கறத சொந்த கையெழுத்துல பாத்துட்டீங்கன்னா அப்புறம் இந்த பாடத்த யாரும் மனப்பாடம் பண்ண மாட்டீங்க. பெரிய கணக்கு ஒண்ணும் இல்ல, கழிக்கவும் பெருக்கவும் தெரிஞ்சா போதும்.

மொதல்ல நிறை நம்பருங்க வேணும். இத கண்ட கண்ட நோட்ஸ்ல இருந்து எடுக்காதீங்க, சர்வதேச அணுசக்தி முகமை ஐஏஇஏ போன்லயே ஐசோடோப் பிரவுசர்னு ஒரு ஆப் ஃப்ரீயா குடுத்திருக்கு, அதுல எந்த அணுவ தட்டுனாலும் விவரம் வரும். நமக்கு இப்போதைக்கு வேண்டியது இவ்வளவுதான், எல்லாம் ஏஎம்யூல, அதாவது அணுநிறை அலகுல:

யுரேனியம்-235 = 235.043930
நியூட்ரான் = 1.008665
பேரியம்-141 = 140.914411
கிரிப்டான்-92 = 91.926156

ஆறு டெசிமல் எதுக்கு சார்னு கேப்பாங்க. எதுக்குன்னா நாம ரெண்டு பெரிய நம்பர கழிச்சு ஒரு குட்டி நம்பர எடுக்கப்போறோம், 236ல இருந்து 235.9 கழிக்கற கதை, ரெண்டு டெசிமல்லயே ரவுண்டு பண்ணிட்டீங்கன்னா குட்டி நம்பர் நாசமா போயிடும். மொத்தமா கழிச்சு முடிச்சதுக்கு அப்புறம் ரவுண்டு பண்ணிக்கலாம், அதுக்கு முன்னாடி கைய வெக்கக்கூடாது.

இப்ப ரியாக்‌ஷன எழுதுங்க. யுரேனியம்-235 ஒரு நியூட்ரான வாங்கி, பேரியம்-141, கிரிப்டான்-92, மூணு நியூட்ரான்னு உடையுது. யுரேனியம் எப்பவும் இப்படியே உடையாது, நூத்துக்கணக்கான விதமா உடையும், இது புக்குல வழக்கமா போடற ஒரு வகை, அவ்வளவுதான். எழுதுன உடனே நிறைய தொடாம எண்ணிக்கைய சரி பாருங்க. இந்தப் பக்கம் 235 + 1 = 236. அந்தப் பக்கம் 141 + 92 + 3 = 236. புரோட்டான் 92, அந்தப் பக்கம் 56 + 36 = 92. அதாவது ஒரு புரோட்டானும் காணாம போகல, ஒரு நியூட்ரானும் காணாம போகல, உள்ள போன 236 பேரும் வெளிய வந்துட்டாங்க. "மாஸ் அழிஞ்சு எனர்ஜியா மாறிடுச்சு"ன்னு சொல்றப்ப ஏதோ ஒரு துகள் புகையா போயிட்டதா பசங்க நெனச்சுக்கறாங்க, அப்படி இல்லவே இல்ல. தலைய எண்ணுனா சரியா இருக்கும், எடை போட்டாதான் கொறையும்.

எடை போடலாம்.

முன்னாடி: 235.043930 + 1.008665 = 236.052595
பின்னாடி: 140.914411 + 91.926156 + 3 × 1.008665 = 235.866562
கொறஞ்சது: 0.186033 ஏஎம்யூ

ஒரு ஏஎம்யூவுக்கு 931.494 எம்இவி, அதாவது மில்லியன் எலக்ட்ரான் வோல்ட். எக்ஸாம்ல 931 போட்டா போதும். பெருக்குனா 173.3 எம்இவி.

இங்கதான் பாதி பேரு பேனாவ கீழ வெச்சுட்டு சார் புக்குல 200ன்னு இருக்கே, எனக்கு 173 வருதே, தப்பா போட்டுட்டேனான்னு கேப்பாங்க. தப்பு இல்ல, கத பாதியிலதான் நிக்குது. பேரியம்-141க்கும் கிரிப்டான்-92க்கும் நியூட்ரான் ரொம்ப அதிகம், அதுங்களால அப்படியே இருக்க முடியாது, ஒவ்வொரு நியூட்ரானா பீட்டா சிதைவுல புரோட்டானா மாறிக்கிட்டே போகும். பேரியம் லாந்தனமாகி, சீரியமாகி, கடைசியா பிரசியோடிமியம்-141ல போய் நிக்கும். கிரிப்டான் ருபிடியம், ஸ்ட்ரான்ஷியம், இட்ரியம்னு போய் சிர்கோனியம்-92ல நிக்கும். கடைசி ரெண்டு பேரோட நிறை 140.907653, 91.905041. இத வெச்சு மறுபடியும் கழிச்சு பாருங்க, வித்தியாசம் 0.213906 வரும், 931.494ஆல பெருக்குனா 199.3 எம்இவி. புக்குல இருக்கற 200 வந்துடுச்சா?

அந்த நடுவுல இருக்கற 26 எம்இவிய லேசா எடுத்துக்காதீங்க. அது பிளந்த நிமிஷத்துல வர்றது இல்ல, நொடிக்கணக்கில இருந்து மாசக்கணக்கு வரைக்கும் தவணையில வர்றது. சீரியம்-141 மட்டுமே பாதியாக சுமார் 32 நாள் எடுத்துக்கும். இதுல ஒரு பங்க ஆன்டிநியூட்ரினோங்கற துகள் தூக்கிட்டு எதுலயும் படாம வானத்துக்கு போயிடும், அது யாருக்கும் உதவாது. மீதிதான் சிதைவு வெப்பம். ரியாக்டர நிறுத்தி பிளவு அடியோட நின்னதுக்கு அப்புறமும் மொதல்ல முழு பவர்ல சுமார் 6, 7 சதவீதம் சூடு வந்துக்கிட்டே இருக்கறது இதனாலதான், 2011 மார்ச்ல ஃபுகுஷிமால ரியாக்டருங்க ஒழுங்காதான் நின்னுச்சு, இந்த தவணை சூட்ட எடுக்கறதுக்கு தண்ணி ஓட்ட கரண்ட் இல்லாம போனதுதான் வினை. புக்குல ஒரே வரியில 200ன்னு முடிச்சுடறாங்க, 173ஐயும் 199ஐயும் தனித்தனியா போட்டு காமிச்சிருந்தா இந்த விஷயம் தானா புரிஞ்சிருக்கும்.

இனிமே நான் மொதல்ல சொன்ன ரெண்டாவது வழி. நிறைய மறந்துடுங்க, ஐன்ஸ்டீனையும் மறந்துடுங்க, பத்தாங்கிளாஸ் பையனுக்கு தெரிஞ்ச ஒண்ணு மட்டும் போதும், ஒரே மின்னூட்டம் இருந்தா ஒண்ண ஒண்ணு தள்ளும்.

யுரேனியம் கருவுக்குள்ள 92 புரோட்டான். ஒவ்வொண்ணும் மத்த எல்லாத்தையும் தள்ளுது, எத்தன ஜோடி? 92 × 91 ÷ 2 = 4186 ஜோடி. பேரியம் 56, கிரிப்டான் 36னு பிரிஞ்சா பேரியத்துக்குள்ள 56 × 55 ÷ 2 = 1540, கிரிப்டானுக்குள்ள 36 × 35 ÷ 2 = 630, ரெண்டும் சேந்து 2170. அப்ப 4186ல 2170 போக 2016 ஜோடிங்க பிரிஞ்சு போற ஜோடிங்க, ஒரு பக்கம் இந்தாளு, அந்தப் பக்கம் அந்தாளு. 56 × 36 போட்டாலும் அதே 2016தான், சரி பாத்துக்கங்க. ஒரு ஜோடி புரோட்டான் ஒரு ஃபெர்மி தூரத்துல இருந்தா அதுக்குள்ள இருக்கற மின்னிலை ஆற்றல் 1.44 எம்இவி, தூரம் கூடுனா அதே விகிதத்துல கொறையும். ஒரு ஃபெர்மின்னா 10⁻¹⁵ மீட்டர். கரு கிழியறப்ப ரெண்டு துண்டுக்கும் நடு மையத்துல இருந்து நடு மையத்துக்கு சுமார் 17 ஃபெர்மி இருக்கும். ரெண்டு உருண்டையா ஒட்டிக்கிட்டு இருந்தா 11.7தான் வரணும், ஆனா கிழியறதுக்கு முன்னாடி கரு நீண்டு இடுப்பு சிறுத்துப் போயிருக்கும், அதனால தூரம் அதிகம்.

1.44 × 2016 ÷ 17 = 171 எம்இவி

நிறை வழியில 173, தள்ளு விசை வழியில 171. 17ஐ நாம குத்துமதிப்பா எடுத்ததால இவ்வளவு கிட்ட வந்தது கொஞ்சம் அதிர்ஷ்டம்னு வெச்சுக்கங்க, 16னு எடுத்தா 181 வரும், 18னு எடுத்தா 161 வரும், ஆனா பாருங்க எப்படி பாத்தாலும் நூத்தம்பதுக்கும் இருநூறுக்கும் நடுவுலதான் சுத்துது. அணுகுண்டுலயும் சரி அணுமின் நிலையத்துலயும் சரி, பெரும்பங்கு எனர்ஜி மின்னூட்டம் மின்னூட்டத்த தள்ளுன எனர்ஜிதான்.

இந்த ரெண்டு வழி கணக்க நான் கண்டுபிடிக்கல, மொத மொதல்ல போட்டவங்களே இப்படித்தான் போட்டாங்க. 1938 டிசம்பர்ல பெர்லின்ல ஆட்டோ ஹானும் ஃபிரிட்ஸ் ஸ்ட்ராஸ்மனும் யுரேனியத்து மேல நியூட்ரான விட்டா பேரியம் வருதுன்னு பாத்துட்டு நம்ப முடியாம லீசா மைட்னருக்கு லெட்டர் போட்டாங்க. யூதங்கறதால ஜெர்மனிய விட்டு தப்பிச்சு வந்து ஸ்வீடன்ல இருந்தாங்க மைட்னர் அம்மா, கிறிஸ்துமஸுக்கு குங்கால்வ்ங்கற ஊருக்கு வந்திருந்த அக்கா பையன் ஆட்டோ ஃபிரிஷோட பனியில நடந்துக்கிட்டே இத பேசி, ஒரு மரக்கட்டையில உக்காந்து துண்டு பேப்பர்ல கணக்கு போட்டாங்க. ரெண்டு துண்டும் தள்ளிக்கறதுல சுமார் 200 எம்இவி வரணும்னு ஒரு கணக்கு. அப்புறம் நிறை எவ்வளவு கொறையும்னு மைட்னர் ஞாபகத்துல இருந்தே போட்டாங்க, ஒரு புரோட்டான் நிறையில அஞ்சுல ஒரு பங்கு, அதுவும் சுமார் 200 எம்இவி. ஆப்பும் இல்ல கால்குலேட்டரும் இல்ல, டேலி ஆயிடுச்சு. நோபல் பரிச ஹானுக்கு மட்டும் குடுத்துட்டு இவங்கள விட்டுட்டாங்க, அது தனி வயித்தெரிச்சல்.

பாலக்கோட்டுல இருந்து வர்ற ஒரு பொண்ணு ஒரு கேள்வி கேட்டா, நல்ல கேள்வி, அதனால எழுதறேன். "சார், யுரேனியத்தோட பிணைப்பாற்றல் மொத்தம் 1784னு போட்டீங்க, பேரியமும் கிரிப்டானும் சேந்து 1957னு போட்டீங்க. அப்ப உள்ள இருக்கற எனர்ஜி ஏறித்தானே போச்சு, வெளிய எப்படி வந்துச்சு?" பிணைப்பாற்றல்ங்கற பேர கேட்டா யாருக்குமே அது உள்ள கட்டி வெச்ச சரக்குன்னுதான் தோணும். நம்ம பக்கம் பாறைய வெட்டி எறக்குன கிணறு இருக்கே, அத நெனச்சுக்கங்க. பிணைப்பாற்றல் அந்த கிணத்தோட ஆழம். கல்லு மேல இருந்து விழறப்பதான் சத்தமும் சூடும் வருது, அடியில கெடக்கற கல்ல மேல ஏத்தணும்னா நாமதான் ஆற்றல் செலவு பண்ணணும். யுரேனியத்துல ஒரு நியூக்ளியான் (புரோட்டானோ நியூட்ரானோ) சராசரியா 7.59 எம்இவி ஆழத்துல கெடக்குது, பேரியம்-141ல 8.33, கிரிப்டான்-92ல 8.51. ஆழம் கொறஞ்ச கிணத்துல இருந்து ஆழம் கூடுன கிணத்துக்கு 236 பேர்ல பெரும்பாலானவங்க விழறாங்க, விழுந்த வித்தியாசம்தான் வெளிய வருது. 1957ல இருந்து 1784 கழிச்சா அதே 173. அவ உடனே "அப்ப எல்லாத்தையும் விட ஆழமான கிணறு எது சார்"னா. நிக்கல்-62, 8.79. இரும்பு-58, இரும்பு-56 ரெண்டும் மயிரிழையில அதுக்கு அடுத்தடுத்து. அங்க விழுந்துட்டா அப்புறம் பிளந்தாலும் நஷ்டம், சேத்தாலும் நஷ்டம்.

சரி எனர்ஜி வந்துடுச்சு, அது எந்த ரூபத்துல வருது? யாருமே இத கேக்க மாட்டேங்கறாங்க, எனக்கு இதுதான் ரொம்ப புடிச்ச பகுதி. 200ல சுமார் 168 ரெண்டு துண்டோட ஓட்டத்துல இருக்கு. எடை கொறஞ்ச துண்டு நொடிக்கு சுமார் 14,000 கிலோமீட்டர், எடை கூடுனது சுமார் 10,000 கிலோமீட்டர் வேகத்துல கெளம்புது. இந்த வேகத்துல போனா தர்மபுரியில இருந்து சென்னை கண் சிமிட்டற நேரம்கூட ஆகாது, ஆனா அந்த துண்டு போறது எவ்வளவு தூரம் தெரியுமா, ஒரு மில்லிமீட்டர்ல நூத்துல ஒரு பங்கு. யுரேனியம் ஆக்ஸைடு பெல்லட்டுக்குள்ளயே பக்கத்துல இருக்கற அணுவ எல்லாம் இடிச்சு இடிச்சு நின்னுடும், இடிபட்ட அணுவெல்லாம் கடகடன்னு ஆடும், அந்த ஆட்டம்தான் சூடு. பெல்லட் சூடாகி, தண்ணி சூடாகி, நீராவியாகி டர்பைன் சுத்தறது எல்லாம் அதுக்கப்புறம் நம்ம மேட்டூர் அனல் மின் நிலையத்துல நடக்கற அதே வேலதான், கொதிக்க வெக்கற அடுப்பு மட்டும் வேற. கல்பாக்கத்துல இருக்கற 220 மெகாவாட் ரியாக்டரும் கூடங்குளத்துல 1000 மெகாவாட் ரியாக்டருங்களும் பண்றது தண்ணி காய்ச்சற வேலைதான்.

ஒரு கிராமுக்கு எவ்வளவுன்னு போடலாம் வாங்க, இதுக்கு லாக் புக்கு தேவைப்படலாம். 6.022 × 10²³ஐ 235ஆல வகுத்தா ஒரு கிராம்ல 2.56 × 10²¹ அணு. ஒவ்வொண்ணுக்கும் 200 எம்இவி, ஒரு எம்இவிக்கு 1.602 × 10⁻¹³ ஜூல். பெருக்குனா 8.2 × 10¹⁰ ஜூல். ஒரு யூனிட் கரண்டுன்னா 36 லட்சம் ஜூல், வகுத்தா சுமார் 22,800 யூனிட். இது வெறும் சூடு, கரண்டா மாத்தறப்ப மூணுல ஒரு பங்குதான் தேறும், 7,600 யூனிட்னு வெச்சுக்கங்க. ரெண்டு மாசத்துக்கு 200 யூனிட் ஓடற வீட்டுக்கு ஆறு வருஷத்துக்கு மேல வரும். அதே சூட்ட நம்ம நாட்டு நிலக்கரியில எடுக்கணும்னா, கிலோவுக்கு 4000 கிலோகலோரின்னு வெச்சாலும், கிட்டத்தட்ட 5 டன் எரிக்கணும். அணு கணக்குல பாத்தா ஒரு கார்பன் அணு எரிஞ்சா 4 எலக்ட்ரான் வோல்ட், ஒரு யுரேனியம் அணு பிளந்தா 20 கோடி எலக்ட்ரான் வோல்ட், அஞ்சு கோடி மடங்கு.

ஒண்ணு கவனிங்க, கரி எரிஞ்சாலும் நிறை கொறையும். 12 கிராம் கார்பன் எரிஞ்சு 44 கிராம் கார்பன் டை ஆக்ஸைடு ஆகறப்ப சுமார் 4.4 நானோகிராம் கொறையுது, எந்த தராசுலயும் காட்டாது, அதனால கெமிஸ்ட்ரி வாத்தியாருங்க நிறை மாறாதுன்னு சொல்லிட்டு நிம்மதியா இருக்காங்க. எம்சி ஸ்கொயர் அணுவுக்கு மட்டும் எழுதுன சட்டம் இல்ல, விறகடுப்புக்கும் அதேதான். ஒரு கிராம் யுரேனியம்-235 முழுசா பிளந்தாலும் கொறையறது 0.9 மில்லிகிராம்தான், கிராம் முழுசா எனர்ஜியா மாறுதுன்னு வாட்ஸ்அப்ல வந்தா ஃபார்வர்டு பண்ணாதீங்க.

பர்கூர் பக்கத்து பசங்க கட்டாயமா கேக்கற கேள்வி ஒண்ணு இருக்கு, கிரானைட்ல யுரேனியம் இருக்காமே சார், குவாரியில வெடி வெச்சா பிளக்காதா? உலகத்துல எந்த கிரானைட்லயும் டன்னுக்கு சில கிராம் யுரேனியம் இருக்கறது சாதாரணம். வெடிமருந்தோட எனர்ஜி ஒரு மூலக்கூறுக்கு பத்து எலக்ட்ரான் வோல்ட் அளவுல இருக்கற சமாச்சாரம், கருவுக்கு அது ஒறைக்கவே ஒறைக்காது. தொடர்வினை நடக்கவும் வழியில்ல, ஏன்னா அந்த சில கிராம்லயும் 0.72 சதவீதம்தான் யுரேனியம்-235, மீதி எல்லாம் 238. நியூட்ரான் 235க்குள்ள போனா கருவுக்கு சுமார் 6.5 எம்இவி கெடைக்கும், பிளக்கறதுக்கு வேண்டிய தடைய தாண்டிடும். 238க்குள்ள போனா 4.8தான் கெடைக்கும், தாண்டாது, வேகமான நியூட்ரானா இருந்தாதான் ஆகும். பாறையில தானா தொடர்வினை ஓடுன எடமும் ஒண்ணு இருக்கு, ஆப்பிரிக்காவுல காபோன் நாட்டு ஓக்லோ, 1972ல கண்டுபிடிச்சாங்க, ஆனா அது ஓடுனது சுமார் 200 கோடி வருஷத்துக்கு முன்னாடி, அப்ப 235 சுமார் 3 சதவீதம் இருந்துச்சு, தாதும் கெட்டியா இருந்துச்சு, தண்ணியும் ஊறியிருந்துச்சு.

இப்ப இணைவு. டியூட்டீரியமும் டிரிட்டியமும் (ரெண்டும் நியூட்ரான் கூடுன ஹைட்ரஜன்) சேந்து ஹீலியம்-4உம் ஒரு நியூட்ரானும் ஆகுது. மறுபடியும் நாலு நம்பர்:

டியூட்டீரியம் = 2.014102
டிரிட்டியம் = 3.016049
ஹீலியம்-4 = 4.002603
நியூட்ரான் = 1.008665

முன்னாடி 5.030151, பின்னாடி 5.011268, வித்தியாசம் 0.018883. பெருக்குனா 17.6 எம்இவி. யுரேனியம் 200 குடுத்துச்சு, இது வெறும் 17தானேன்னு ஒதட்ட பிதுக்காதீங்க, எத்தன பேர் சேந்து குடுத்தாங்கன்னு பாருங்க. 200ஐ 236ஆல வகுத்தா ஆளுக்கு 0.85. 17.6ஐ 5ஆல வகுத்தா ஆளுக்கு 3.5. ஒரே எடைக்கு நாலு மடங்கு. ஒரு கிராமுக்கு போட்டா 3.4 × 10¹¹ ஜூல் வரும், கிட்டத்தட்ட 94,000 யூனிட் சூடு.

இங்க காரணம் தலைகீழ். அணுக்கரு விசை பக்கத்துல ஒட்டி இருக்கறவங்கள மட்டும்தான் இழுக்கும், ரெண்டு ஃபெர்மி தள்ளிப்போனா தெரியாத மாதிரி இருந்துடும். டியூட்டீரியத்துல ஒருத்தருக்கு ஒரே ஒரு பக்கத்து ஆள், அதனால நியூக்ளியானுக்கு 1.1 எம்இவி ஆழம்தான். டிரிட்டியத்துல 2.8. ஹீலியம்-4ல ஒவ்வொருத்தரும் மத்த மூணு பேரையும் தொட்டுக்கிட்டு இருக்காங்க, ஒரேயடியா 7.1க்கு எறங்கிடுது. இழுக்கற விசை ஜெயிக்கறதால வர்ற எனர்ஜி இது, பிளவுல தள்ற விசை ஜெயிக்கறதால வர்ற எனர்ஜி. ரெண்டு எதிரெதிர் வேலையும் எப்படி எனர்ஜி குடுக்கும்னு குழம்பறவங்க இந்த ஒரு வரிய நோட்ல எழுதி வெச்சுக்கங்க.

அப்ப ஏன் இன்னும் ஃபியூஷன் கரண்ட் நம்ம வீட்டுக்கு வரலன்னா, ஒட்டறதுக்கு முன்னாடி தள்ளு விசைய தாண்டணும். 1.44ஐ சுமார் 3.5 ஃபெர்மியால வகுத்தா 0.4 எம்இவி தடை. இத நேரடியா வெப்பநிலையா மாத்துனா முன்னூறு கோடி, நானூறு கோடி டிகிரின்னு பயமுறுத்தும். நல்லவேளையா தடைய முழுசா ஏறித் தாண்ட வேண்டியது இல்ல, குவாண்டம் முறையில ஊடுருவிப் போகலாம்னு 1928ல ஜார்ஜ் காமோவ் காமிச்சாரு (அவரு காமிச்சது ஆல்ஃபா துகள் கருவ விட்டு வெளிய வர்றதுக்கு, உள்ள போறதுக்கும் அதே கணக்குதான்). அதனால 15 கோடி டிகிரி போதும், பிரான்ஸ்ல கட்டிக்கிட்டு இருக்கற இட்டர்ங்கற ஃபியூஷன் மெஷின்ல அதான் இலக்கு. அதுல இந்தியாவும் பங்காளி, அதோட பிரம்மாண்டமான கிரையோஸ்டாட்ட (மெஷின சுத்தி இருக்கற குளிர்க்கலன்) எல் அண்ட் டி குஜராத் ஹசிராவுல செஞ்சு அனுப்புச்சு.

சூரியன் நடுவுல 1.5 கோடி டிகிரிதான், அங்க எப்படி நடக்குதுன்னா மெதுவா நடக்குது, அவ்வளவுதான். நாலு ஹைட்ரஜன் சேந்து ஒரு ஹீலியம், 4 × 1.007825ல இருந்து 4.002603 கழிச்சு பெருக்குங்க, 26.7 எம்இவி வரும். இதுல ஒரு கண்ணி இருக்கு, எக்ஸாம்ல மார்க் போற எடம். நாம எடுக்கறது அணுநிறை, அதாவது எலக்ட்ரானும் சேந்த நிறை. வெறும் புரோட்டான் நிறைய எடுத்து, வெளிய வர்ற ரெண்டு பாசிட்ரானையும் (பாசிட்டிவ் மின்னூட்டம் இருக்கற எலக்ட்ரான்) கழிச்சு போட்டா 24.7தான் வரும். ரெண்டுமே சரி, அந்த பாசிட்ரானுங்க ரெண்டு எலக்ட்ரானோட சேந்து அழிஞ்சா இன்னொரு 2 எம்இவி வந்துடும். பாதி அணுநிறை பாதி கருநிறைன்னு கலந்துட்டாதான் விடை ஓட்டம் புடிக்கும். சூரியன் நொடிக்கு 40 லட்சம் டன்னுக்கு மேல நிறைய இழந்தாலும் அதோட மையத்துல ஒரு கன மீட்டருக்கு 300 வாட்டுக்கும் கம்மியாதான் எனர்ஜி வருது, நாலு சீலிங் ஃபேன் ஓடற அளவு. பெருசா இருக்கறதாலதான் அவ்வளவு வெளிச்சம். இந்த ஆமை வேகம் நமக்கு கட்டுப்படியாகாது, அதனாலதான் பூமியில சூரியன விட பத்து மடங்கு சூடும் டியூட்டீரியம் டிரிட்டியமும் தேவைப்படுது.

போட்ட கணக்கு நிஜத்தோட ஒத்துப்போகுதான்னு ஒரு தடவ சரி பாத்துக்கங்க. இங்கிலாந்துல ஜெட்ங்கற ஃபியூஷன் மெஷின் 2023 அக்டோபர்ல 0.2 மில்லிகிராம் எரிபொருள்ல 69 மெகாஜூல் குடுத்துச்சு. நம்ம நம்பர்ல 3.4 × 10¹¹ × 0.0002, 68 மெகாஜூல். 0.2ங்கறது ரவுண்டு பண்ண நம்பர்ங்கறதால ஒரு மெகாஜூல் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் போறது சகஜம். ஆனா நியூஸ்ல "போட்டத விட அதிகம் வந்துச்சு"ன்னு வந்தா எத போட்டதுன்னு கேளுங்க. 2022 டிசம்பர் 5ல அமெரிக்காவுல என்ஐஎஃப்ங்கற லேசர் ஃபியூஷன் லேப்ல 2.05 மெகாஜூல் லேசர் உள்ள போய் 3.15 மெகாஜூல் வெளிய வந்துச்சு, உண்மைதான், ஆனா அந்த லேசர ஓட்ட கரண்ட் லைன்ல இருந்து எடுத்தது சுமார் 300 மெகாஜூல்.

வீட்ல போட்டு பாக்கறதுக்கு மூணு குடுக்கறேன். ரெண்டு டியூட்டீரியம் சேந்து ஹீலியம்-3உம் நியூட்ரானும், ஹீலியம்-3 நிறை 3.016029, விடை 3.27 வரணும். ரெண்டு டியூட்டீரியம் சேந்து டிரிட்டியமும் சாதா ஹைட்ரஜனும், விடை 4.03. மூணாவது, இரும்பு-56 ரெண்டு அலுமினியம்-28ஆ பிளந்தா என்னாகும்னு போடுங்க. இரும்பு 55.934936, அலுமினியம் ஒண்ணு 27.981910. இதுல மைனஸ் 26.9 எம்இவி வரும், மைனஸ் வந்துடுச்சேன்னு அழிச்சுட்டு திருப்பி போடாதீங்க, அதுதான் விடை.